அரை வரியில் நிற்கிற பிள்ளைகள்

என் கதைகளில் பனி நிறையப் பெய்திருக்கிறது. பிறந்து வளர்ந்தது திருகோணமலையில், குளிர் என்றால் மார்கழி மழைக்கு ஒரு போர்வையைத் தேடுகிற அளவுதான். ஆனால் பத்து வருடமாக இரவில் உட்கார்ந்து எழுதிய ஃபேன்ஃபிக் எல்லாவற்றிலும் ஒருத்தி பனியில் சப்பாத்தை உதறிக்கொண்டு உள்ளே வருவாள், கன்னம் சிவந்திருக்கும், நெருப்புக்குப் பக்கத்தில் இருந்து ஒருவன் அவளைப் பார்த்துக்கொண்டிருப்பான். எனக்கு அது அலுத்ததே இல்லை.

போன வருடம் பள்ளி விடுமுறைக்கு அக்காவின் மகள் வந்து நின்றாள். பதினான்கு வயது. ஒருநாள் நான் வேலையால் வருவதற்குள் என் மடிக்கணினியைத் திறந்து, கேட்காமல் கொள்ளாமல், முக்கால்வாசிக் கதைகளைப் படித்து முடித்திருந்தாள். ஏச வாயைத் திறந்தேன். அதற்குள் அவள், "நல்லாத்தான் எழுதுறியள் சித்தி. ஆனா இதில ஏன் எல்லாருக்கும் கன்னம் சிவக்குது? எங்களுக்குச் சிவக்காதே" என்றாள்.

அன்றிரவு கணக்குப் பார்த்தேன். இருபத்து மூன்று கதைகள். வெள்ளையர் அல்லாத ஒருத்தி நடுவில் நிற்கிற கதை ஒன்றே ஒன்று, அதிலும் அவள் மூன்றாம் பந்தியில் செத்துப்போகிறாள்.

ஃபேன்ஃபிக் பழக்கமில்லாதவர்களுக்கு: உங்களுக்குப் பிடித்த ஒரு புத்தகத்தையோ தொடரையோ எடுத்து, அதன் ஆட்களை வைத்து நீங்களாக எழுதுகிற கதை. எங்கள் ஊருக்கு இது புதிதும் இல்லை. தாயின் வழிபாட்டுக்காக மலையையே பெயர்க்கப் பார்த்த இராவணன் வாளால் பிளந்த இடம் இராவணன் வெட்டு, அவளுடைய கிரியைக்கு நீர் வேண்டி அவன் தோண்டியது கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள் என்று சொல்லித்தானே வளர்ந்தோம். வால்மீகி எழுதாத இராவணன் அவன். தாயை நினைத்து அழுகிற கறுத்த மகன்.

பிடித்த கதைகளுக்குள் வெள்ளையர் அல்லாத ஆட்களைத் தேடி எழுதுவதென்று முடிவு செய்தேன். இந்தத் தேடலில் முதலில் இடறியது சொல்தான். ஆங்கிலத்தில் இப்படியான பாத்திரங்களை ஒட்டுமொத்தமாக 'நிறமுள்ளவர்கள்' என்கிற பொருளில் சொல்வார்கள். அதை அப்படியே தமிழுக்குக் கொண்டு வந்தால் தலைகீழாகிவிடும். எங்களுக்கு 'நிறமான பிள்ளை' என்றால் வெள்ளைப் பிள்ளை! கல்யாணத் தரகர் 'பொம்பிளை நல்ல கலர்' என்று சொன்னால் என்ன விளங்கும்? அதனால் நான் வெள்ளையர் அல்லாதவர்கள் என்றே சொல்கிறேன், அல்லது கறுப்பினப் பெண், சீனப் பெண், மராட்டிப் பெண் என்று ஆளைச் சொல்லிவிடுகிறேன். ஆளைச் சொல்வதுதான் நல்லது என்பது பிறகு அடிபட்டுத் தெரிந்தது.

சரி, எப்படித் தேடினேன். பெரிய வித்தை ஒன்றுமில்லை. பிடித்த புத்தகங்களை ஒரு பென்சிலோடு மறுபடி படித்தேன், கதாநாயகியை விட்டுவிட்டு. யாருக்குப் பெயர் இருக்கிறது, ஆனால் வீடு இல்லை? யார் அறைக்குள் நிற்கிறார், ஆனால் வாய் திறக்கவில்லை? யாரைப் பற்றி அரை வரி சொல்லிவிட்டு ஆசிரியர் நகர்ந்துவிடுகிறார்? அந்த அரை வரிகளை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டே போனேன்.

ஹரி பொட்டரில் டீன் தோமஸ் என்று ஒரு பையன் இருக்கிறான். நான் சின்ன வயதில் படித்தது லண்டன் பதிப்பு, இலங்கைக்கு வருவது பெரும்பாலும் அதுதான். பள்ளிக்கு வந்த பிள்ளைகளை ஒரு மந்திரத் தொப்பி இல்லம் இல்லமாகப் பிரிக்கிற இடத்தில் அவன் உயரமான கறுப்பினப் பையன் என்ற குறிப்பு அமெரிக்கப் பதிப்பில் இருக்கிறது, லண்டன் பதிப்பின் அந்த இடத்தில் இல்லை. ஒரு சின்ன வெட்டுத்தான், ஆனால் அந்த வெட்டால் ஒரு பையன் என் தலைக்குள் வெள்ளையனாகவே வளர்ந்து பெரியவனாகிவிட்டான். யாரும் சொல்லாவிட்டால் எல்லாரையும் வெள்ளையாகவே நினைத்துக்கொள்கிற தலை அது. கறுத்த தலைதான், இருந்தும்.

பெயர்களும் அப்படித்தான். ஸ்டார் ட்ரெக் என்கிற விண்வெளித் தொலைக்காட்சித் தொடர் 1966இல் தொடங்கியது. அதில் வருகிற கறுப்பினப் பெண் அதிகாரி உஹுராவின் முதற்பெயர் 2009இல் வந்த படத்தில்தான் திரையில் உறுதியானது. கூட இருக்கிற சுலுவின் முதற்பெயரான ஹிகாரு, 1981இல் வேறொருவர் எழுதிய ஒரு கிளை நாவலில் பிறந்தது, பத்து வருடம் கழித்து 1991இல் படத்துக்குள் ஏறியது. பின்னால் வந்த ஒருவர் வைத்த பெயரைக் கதையே ஏற்றுக்கொண்டிருக்கிறது. இதைப் படித்த நாளில் எனக்கு ஒரு தைரியம் வந்தது என்பது உண்மை.

மற்றவர்கள் எழுதியதைத் தேடுகிறீர்கள் என்றால் ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் என்கிற இணையப் பெருங்களஞ்சியம்தான் வசதி. 2009இல் திறந்தது, லாப நோக்கமில்லாதது, 2019இல் அறிவியல் புனைவுக்கான ஹ்யூகோ விருதும் வாங்கியது. ஆனால் அங்கே ஒரு பாத்திரத்தின் பெயரை மட்டும் போட்டுத் தேடினால் ஏமாறுவீர்கள். அந்தப் பிள்ளை ஒரு கோப்பை தேநீரை நீட்டிவிட்டுப் போகிற கதைக்கும் அவள் பெயர் குறிச்சொல்லாக ஒட்டப்பட்டிருக்கும். நான் செய்வது: அவள் பெயரைச் சேர்த்து, அந்தக் கதை உலகத்தில் எல்லாரும் எழுதுகிற பெரிய காதல் சோடியை விலக்கிவிட்டுத் தேடுவேன். சட்டென்று குளம் வற்றி மீன் தெரியும். அப்புறம் விருப்பக் கணக்கில் வரிசைப்படுத்தாமல் தேதியில் வரிசைப்படுத்துவேன், ஏனென்றால் கூட்டம் சேராத ஆட்களுடைய கதைகள் விருப்பக் கணக்கில் எப்போதும் அடியில்தான் கிடக்கும். நல்லது ஒன்று கிடைத்தால் அதை எழுதியவரின் மற்றக் கதைகளுக்குப் போங்கள். இந்த மாதிரி ஆட்களைத் தேடி எழுதுபவர்கள் ஒன்றோடு நிற்கமாட்டார்கள்.

இனி நான் விட்ட பிழைகள்.

கொப்பியில் முதலில் எழுதிய பெயர் பார்வதி பாட்டீல். பத்மாவின் இரட்டை. நாலாவது புத்தகத்தின் நடன விருந்துக்கு ஹரியோடு போய், அவன் ஆடாமல் உட்கார்ந்திருக்க, வேறு பையனோடு ஆடப் போய்விடுகிற பிள்ளை. எனக்கு அவளை நல்ல விருப்பம். உட்கார்ந்து ஆறாயிரம் சொல் எழுதினேன், விடுமுறைக்கு அவள் வீட்டுக்குப் போகிறாள், அம்மம்மா புட்டு அவிக்கிறா, மாசிச் சம்பல், வாசலில் கோலம். எழுதி முடித்தபோது கண்ணில் தண்ணீர் கூட வந்தது. ஒரு மாதம் கழித்து பூனாவில் இருந்து ஒரு வாசகி எழுதினாள். கோபமாக எழுதியிருந்தால் பரவாயில்லை, மிகவும் பணிவாக எழுதியிருந்தாள். பாட்டீல் என்பது எங்கள் பக்கத்துப் பெயர், ஊர்த் தலைவருக்குச் சொல்வது, நீங்கள் எழுதியது மிக அழகான வீடு, ஆனால் அவளுடைய வீடு இல்லை என்று.

எங்கள் ஊரில் விதானையார் என்பது போல ஒரு பெயர். அது கூடத் தெரியாமல் அவளைத் தூக்கிக்கொண்டு வந்து உப்புவெளியில் இறக்கியிருக்கிறேன். எங்களைக் கண்டுகொள்ளவில்லை என்று வெள்ளைக்காரர்மேல் மூக்கால் அழுகிற நான், மராட்டிப் பிள்ளையைத் தமிழாக்கிவிட்டேன். கதையை இறக்கி மூன்று கிழமை திருத்தினேன். பாட்டி ஆஜி ஆனா, அம்மா ஆயி ஆனா, புட்டு போய்ப் பூரண்போளி வந்தது. அந்த வாசகியிடமே காட்டினேன், இன்னும் பதினொரு பிழை பிடித்தாள்.

தொலைக்காட்சிக்காரர் மட்டும் என்ன திறம். பிரிட்ஜர்டன் இரண்டாம் பருவம் 2022 மார்ச் கடைசியில் வந்தது. இங்கே ஒரு நாளைக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேல் கரண்ட் இல்லாத நாட்கள் அவை. கரண்ட் வந்த நேரத்தில் போனில் துண்டு துண்டாகப் பார்த்தேன். மூல நாவலில் ஆங்கிலேயப் பெண்ணாக இருந்த கேட் ஷெஃபீல்டை, கேட் ஷர்மா ஆக்கியிருந்தார்கள். அவள் தகப்பனை 'அப்பா' என்று சொன்னபோது நான் கதிரையில் இருந்து எழும்பிவிட்டேன். அதே வீட்டில் தங்கை அக்காவை 'தீதி' என்கிறாள், அக்கா தங்கையை வங்காளத்தில் 'பொன்' என்கிறாள். ஷர்மா, அப்பா, தீதி, பொன். இது என்ன வீடு, ரயில்வே ஸ்டேஷனா? ஆனால் ஃபேன்ஃபிக் எழுதுபவர்களுக்கு இந்த மாதிரி ஓட்டைதான் வாசல். நான் அதற்கு ஒரு தமிழ்ச் செவிலித்தாயைப் போட்டேன், வேலைக்கு ஊர் ஊராக மாற்றலாகிப் போகிற தகப்பனைப் போட்டேன், ஒவ்வொரு ஊரிலும் பிள்ளைகள் ஒரு சொல்லைப் பொறுக்கிக்கொண்டு வருகிறார்கள். இப்போது அந்த வீடு கொஞ்சம் நம்பும்படி இருக்கிறது.

அடுத்த பிழை தோல். வெள்ளைப் பெண் வந்தால் கண், தலைமயிர், சிரிப்பு என்று எழுதியிருப்பேன். கறுத்த பெண் வந்தவுடன் கோப்பி, சொக்கலேட், கருப்பட்டி, தேன். பெறாமகள் இதையும் பிடித்தாள், "கறுத்த ஆக்களை மட்டும் ஏன் தின்கிற சாமானோட ஒப்பிடுறியள்?" சங்கப் பாட்டில் மாந்தளிரின் நிறத்தை மாமை என்று சொல்லிக் கொண்டாடியிருக்கிறார்களே என்று சமாளிக்கப் பார்த்தேன். "அதுவும் ஆடு தின்னும்" என்றாள். இப்போது நான் செய்வது, ஒரு கதையில் நிறத்தைச் சொன்னால் எல்லாருக்கும் சொல்வேன், வெள்ளையருக்கும். இல்லாவிட்டால் யாருக்கும் சொல்லாமல், தலைக்கு எண்ணெய் வைக்கிற விதத்திலும் பேசுகிற பேச்சிலும் ஆளைத் தெரிய வைப்பேன். வெட்கத்துக்குக் கன்னம் சிவக்க வேண்டாம், காது சுடும், அது எல்லாத் தோலுக்கும் பொது.

பிறகு ஒரு காலம், நான் எழுதிய வெள்ளையர் அல்லாத எல்லாப் பெண்களும் முதல் காட்சியிலேயே யாரிடமாவது அவமானப்பட்டுவிடுவார்கள். அது உண்மையில் நடப்பதுதான், பொய் இல்லை. ஆனால் கதைக்குக் கதை அதுவே என்றால் நான் அவர்களைக் கொண்டாடவில்லை, திரும்பத் திரும்ப அடிபட வைத்துப் பக்கத்தில் நின்று உச்சுக்கொட்டுகிறேன். அதனால் ஒரு விதி வைத்துக்கொண்டேன்: ஒவ்வொருத்திக்கும் ஒரு நல்ல நாளாவது எழுதாமல் ஒரு கெட்ட நாளை எழுதுவதில்லை. டீன் தோமஸுக்கு எழுதியது முழுக்க முழுக்க ஒரு கால்பந்து நாள்தான், அவனுக்குக் கால்பந்துப் பைத்தியம் என்று புத்தகத்திலேயே இருக்கிறது. ஒன்றும் நடக்காது. மழை பெய்யும், அவன் பக்கம் வெல்லும். நான் எழுதியதில் அதிகம் பேர் திரும்பப் படித்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

இனி கல்லறைக் கதை.

எங்கள் ஊரில் எஸ்பிளனேட் பக்கம் ஒரு பழைய வெள்ளைக்காரக் கல்லறை இருக்கிறது. மான்கள் அந்த வழியெல்லாம் திரியும், வெளியூர்க்காரர் நின்று படம் எடுப்பார்கள், நாங்கள் ஹோர்ன் அடித்து விலத்திக்கொண்டு போவோம். ரியூசனுக்குப் போன காலத்தில் இருந்து நான் அதைக் கடந்துதான் போகிறேன். அங்கே புதைக்கப்பட்டிருப்பவர்களில் ஒருவர் ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் தம்பி. சார்ல்ஸ் ஆஸ்டின், கடற்படைத் தளபதி, 1852இல் பர்மாவில் ஐராவதி ஆற்றில் வாந்திபேதியால் இறந்தவர். 1801இல், இளம் அதிகாரியாக இருந்தபோது, பரிசுப் பணத்தில் அக்காமார் இருவருக்கும் புஷ்பராகச் சிலுவை வாங்கிக் கொடுத்தவர். பனியும் கணப்பும் உள்ள இங்கிலாந்து வரவேற்பறைகளை நான் பத்து வருடம் எழுதியிருக்கிறேன், அந்த வரவேற்பறையின் தம்பி சைக்கிள் ஓடுகிற தூரத்தில் படுத்திருக்கிறார், எனக்குத் தெரியாது!

தெரிந்த பிறகு ஆஸ்டினைப் பென்சிலோடு எடுத்தேன். பெர்சுவேஷன் நாவலில் திருமதி குரொஃப்ட் என்று ஒரு பெண், கடற்படைக்காரர் மனைவி, அத்திலாந்திக்கை நாலு தரம் கடந்தேன், கிழக்கிந்தியாவுக்கு ஒரு தரம் போய் வந்தேன் என்கிறாள். அவள் புருஷன் அங்கே சில வருடம் நின்றவர். எந்த ஊர் என்று புத்தகம் சொல்லவில்லை. ஆனால் 1795இல் ஒல்லாந்தரிடம் இருந்து பிடித்த பிறகு, அந்தப் பக்கத்துப் பிரித்தானியக் கப்பல்கள் வந்து ஒதுங்கிய துறைமுகங்களில் எங்களுடையதும் ஒன்று. அப்போ அவளுக்குக் கிணற்றில் தண்ணீர் அள்ளிக் கொடுத்தது யார்? மீன் கொண்டு வந்து தந்தது யார்? அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது கொத்தமல்லி அவித்துக் கொடுத்தது யார்?

அந்தப் பெண்ணுக்குப் பெயர் வேண்டும். நிஷாந்தினி என்று 1810இல் யாருக்கும் பெயர் இருந்திருக்காது. அம்மம்மாவிடம் போய், உங்கட அம்மம்மாவின் அம்மாவுக்கு என்ன பெயர் என்று கேட்டேன். "செத்த ஆக்களின்ட பேர் இப்ப என்னத்துக்கு உனக்கு, உறுதி முடிக்கப் போறியே?" என்று சந்தேகமாகப் பார்த்தா. பிறகு வெற்றிலையை மடித்து வாயில் வைத்துக்கொண்டு ஒன்றொன்றாகச் சொன்னா: சின்னாச்சி, தெய்வானை, வள்ளியம்மை, கதிராசி, பொன்னி. எந்தப் புத்தகத்தில் தேடியிருந்தாலும் இந்த வரிசை எனக்குக் கிடைத்திராது. பழைய காலத்து ஆள் ஒருத்தியை எழுதப் போகிறீர்கள் என்றால் வீட்டில் மூத்த ஆளை முதலில் பிடியுங்கள், அதுவும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு.

பொன்னி என்று வைத்தேன். அங்கேதான் கதை கொஞ்சம் கசந்தது. பொன்னி கூலிக்காரியா, அடிமையா? பிரித்தானியப் பேரரசில் அடிமை முறையை ஒழித்த 1833ஆம் ஆண்டுச் சட்டம் இலங்கையை விலக்கி வைத்திருந்தது, இங்கே அது முடிந்தது 1844இல். அதற்கு முன் அடிமை வைத்திருந்தவர்களில் தமிழரும் இருந்தார்கள், சாதியின் பேரில். ஆகவே பொன்னியின் கதையில் கெட்டவர் வெள்ளைக்காரர் மட்டும், எங்கள் ஆட்கள் எல்லாரும் நல்லவர் என்று எழுத முடியவில்லை. அதைத் தட்டிக்கழித்து இரண்டு முறை எழுதிப் பார்த்தேன், இரண்டும் பொய்யாக இருந்தது. இப்போது பொன்னியை வெள்ளைக்கார வீட்டுக்கு அனுப்புவது எங்கள் ஆள் ஒருவர்தான், நெற்றி நிறையத் திருநீறோடு.

கடைசியாகக் கொப்பியில் ஏறியவள் மிஸ் லாம்ப். ஆஸ்டின் 1817 ஜனவரியில் தொடங்கி மார்ச்சில் நோயால் நிறுத்தி, ஜூலையில் இறந்துபோக அரைகுறையாக நின்றுவிட்ட சாண்டிடன் என்ற நாவலில் வருகிறவள். அதே 1817இல்தான் பம்பாயில் தேக்கு மரத்தில் ஒரு போர்க்கப்பல் கட்டி எங்கள் ஊரின் பெயரை வைத்து மிதக்க விட்டார்கள். இப்போதும் இங்கிலாந்தில் ஹார்ட்லிபூலில் நிற்கிறது. மிஸ் லாம்புக்குப் பதினேழு வயது, மேற்கிந்தியத் தீவில் இருந்து வந்தவள், பாதி கறுப்பினம், பெரும் பணக்காரி, தனக்கென்று ஒரு பணிப்பெண் வைத்திருக்கிறாள், தங்கும் வீட்டில் ஆகச் சிறந்த அறை அவளுக்கு. கழுதைப் பால் விற்கப் பார்க்கிற ஒரு பெரிய வீட்டுக் கிழவி இவள் நோயாளி என்று கேள்விப்பட்டு ஓடி வருகிறாள், வைத்தியர் சொல்லாததைக் கொடுக்க மாட்டோம் என்று திருப்பி அனுப்புகிறார்கள். குளிர் தாங்காதவள், மென்மையானவள் என்று இரண்டு சொல் சொல்லியிருக்கிறார் ஆஸ்டின். அவ்வளவுதான். அவள் வாயில் ஒரு வரி பேச்சு வருவதற்குள் கையெழுத்துப் பிரதி நின்றுவிடுகிறது.

2019இல் வந்த தொலைக்காட்சித் தொடர் அவளுக்கு ஜோர்ஜியானா என்று பெயரும் அன்டிகுவா என்று ஊரும் கொடுத்தது. நான் அதைப் பார்க்காமல் இருப்பதென்று முடிவு செய்தேன், பார்த்தால் அந்த முகம்தான் வரும். பூனாக்காரியிடம் வாங்கிய பாடம் நினைவிருந்ததால் அவளைத் திருகோணமலைப் பிள்ளை ஆக்கவும் இல்லை. மேற்கிந்தியச் சீனித் தோட்டங்களைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். அவளுடைய பணம் எங்கே இருந்து வந்தது என்று தெரிந்த பிறகு, அந்த ஆகச் சிறந்த அறை அவ்வளவு வசதியாக இருக்கவில்லை. அது அவளுக்கும் தெரியும் என்று வைத்துக்கொண்டேன்.

எழுதத் தொடங்கி, அவள் முதலில் என்ன பேசுவாள் என்பதில் இரண்டு கிழமை நின்றுவிட்டேன். இருநூறு வருடமாகப் பேசாத ஆள், பேசினால் பெரிதாக ஏதாவது பேச வேண்டும் என்று நினைத்து அடிமை முறை, சுதந்திரம், தாய் நாடு என்று பக்கம் பக்கமாக எழுதி அழித்தேன். ஏப்ரல் விடுமுறைக்குப் பெறாமகள் வந்தாள். இந்த முறை கேட்டுவிட்டுத்தான் மடிக்கணினியைத் திறந்தாள். படித்தாள், சுற்றிப் பார்த்தாள், அந்த அறையில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். ஐந்தாறு பேர், எல்லாரும் கடல் காற்று உடம்புக்கு நல்லது என்று கதைத்துக்கொண்டிருக்கிறார்கள், யன்னல் திறந்து கிடக்கிறது என்றேன்.

"அந்தப் பிள்ளைக்குக் குளிருமெல்லே" என்று சொல்லிக்கொண்டே தட்டினாள். மிஸ் லாம்ப் தலையை நிமிர்த்தி, யாரையும் குறிப்பாகப் பார்க்காமல், யன்னலைச் சாத்தச் சொல்கிறாள். ஒருவர் எழும்பிப் போய்ச் சாத்துகிறார்.

நான் அதில் ஒரு எழுத்தும் மாற்றவில்லை.